வயதானவர்களுக்கு ஓட்டும் வகுப்பு: முதலில் கண்ணைப் பாருங்கள், பிறகு பாடம் நடத்துங்கள்



தோட்டத்திலே ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து நடந்துவிட்டால், மறுநாள் பிரட்டுக் களத்திலே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். அடிபட்டவர் வாலிபராக இருந்தால், “பறந்துகிட்டுப் போனான், விழுந்தான்” என்பார்கள். அடிபட்டவர் வயதானவராக இருந்தால், “இந்த வயசுல இவருக்கு எதுக்கு மோட்டாரு?” என்பார்கள். வாலிபர்கள் விஷயத்தை வேறொரு மாதம் பார்ப்போம். இந்த மாதம் வயதானவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

“வயசானவங்களை எல்லாம் ஒருநாள் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, சாலை விதியைச் சொல்லிக் கொடுத்து, ஒரு சர்ட்டிபிகேட்டையும் கையிலே கொடுத்துட்டா விபத்து குறைஞ்சிடும்” என்று சிலர் நல்ல மனதோடு யோசனை சொல்கிறார்கள். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட வகுப்புகள் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. அங்கே என்ன பலன் கிடைத்தது என்று பார்க்காமல் நாமும் ஆரம்பித்தால், தேத்தண்ணிக்கும் பலகாரத்துக்கும் ஆன செலவுதான் மிச்சமாகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உட்கார வைத்துப் பேசும் வகுப்பு மட்டும் விபத்தைக் குறைக்காது. கண்ணைச் சோதித்து, சாப்பிடும் மருந்தைப் பார்த்து, சாலையிலே ஓட்டவைத்துப் பக்கத்திலிருந்து திருத்தினால்தான் பலன் உண்டு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மோட்டார் ஏன் வேண்டும்?

லாபிஸ், பெக்கோக், பாலோ, ரெங்கம், லாயாங் லாயாங் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், லயத்திலிருந்து பட்டணத்துக்குப் போவது சுலபமான காரியமில்லை. பஸ் வருகிற இடமாக இருந்தாலும், செம்மண் சாலையிலே வெகுதூரம் நடந்து வந்துதான் பஸ் ஏற வேண்டும். பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். வீட்டிலே இருப்பது தாத்தாவும் பாட்டியும்தான். கிளினிக்குக்குப் போக, மளிகைச் சாமான் வாங்க, கோயிலுக்குப் போக, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய மோட்டார்தான் கால். அதைப் பிடுங்கிவிட்டால் மனிதர் வீட்டுக்குள்ளே கைதி ஆகிவிடுவார்.

வேலையும் நின்றுவிடவில்லை. குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. 60-ஐத் தாண்டியும் காண்டிராக்டில் பலர் வேலை செய்கிறார்கள். ஜொகூரில் சூரியன் எழ ஏறக்குறைய 7 மணி ஆகிவிடுகிறது. அதற்கு முன்பே பிரட்டுக்குப் புறப்படும் பெரியவர் இருட்டிலே ஓட்டுகிறார். எதிரே வரும் செம்பனைக் குலை லாரியின் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கிறது.

நாட்டு நிலவரமும் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலேசியச் சாலைகளில் 2016-இல் 7,152 பேர் இறந்தார்கள், 2019-இல் 6,167 பேர். இந்த நாட்டில் சாலையிலே உயிர் விடுகிறவர்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அதிலே கூடுதலாகச் சாவது இளைஞர்கள்தான். ஆகவே பெரியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரே மாதிரி விழுந்தாலும் 20 வயதுக்காரன் சிராய்ப்போடு எழுந்து போவான், 65 வயதுக்காரருக்கு விலா எலும்போ இடுப்பெலும்போ முறியும். ஆகவே அவர்கள் பேரில் தனிக் கவனம் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதமே.

வெளிநாட்டு வகுப்புகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவிலே ஓய்வு பெற்றவர்களின் பெரிய சங்கம் ஒன்று 1979-இல் வயதான ஓட்டுநர்களுக்கு என்று வகுப்பு ஆரம்பித்தது. லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். அங்கே பல மாநிலங்களில் இந்த வகுப்பில் படித்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணத்தில் கழிவும் உண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

விபத்து குறைந்ததா என்று ஆராய்ந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்து 2007-இல் ஒரு முடிவு சொன்னார்கள். வகுப்பினால் சாலை பற்றிய அறிவும் விழிப்பும் கூடுகிறது, ஓட்டும் பழக்கமும் ஓரளவு மாறுகிறது. ஆனால் விபத்து எண்ணிக்கை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அந்த முடிவு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இன்னொரு பரிசோதனை நடந்தது. 60 வயது தாண்டியவர்கள், பார்வைக் குறை உள்ளவர்கள், ஏற்கெனவே விபத்தில் சிக்கியவர்கள் என்று 403 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கண் பரிசோதனையோடு தனித்தனியே பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கண் பரிசோதனை மட்டும். முடிவு 2004-இல் வெளிவந்தது. பாடம் கேட்டவர்கள் இருட்டிலும் மழையிலும் நெரிசலிலும் ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனால் விபத்துக் கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இதற்குக் காரணம் இரண்டு என்று எனக்குப் படுகிறது.

ஒன்று, வகுப்புக்குத் தானாக வருகிறவர் ஏற்கெனவே ஜாக்கிரதையானவர். இனிப்புநீர் பற்றி நாங்கள் கூட்டம் போட்டால் யார் வருகிறார்கள்? ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்தான் முன் வரிசையில் உட்காருவார். சீனியைக் கொட்டிக் குடிக்கிறவர் அந்த நேரம் கடையில் இருப்பார். ஓட்டும் வகுப்பும் அப்படித்தான். வந்தவருக்கு விபத்து குறைவு என்று கணக்குக் காட்டினால், அது வகுப்பின் பலனா, வந்தவரின் குணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வயதானவருக்கு விதி தெரியாமல் விபத்து நடப்பதில்லை. 40 வருஷம் ஓட்டியவருக்குச் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும் என்று தெரியாதா? விளக்கு எரிவது சரியாகத் தெரியவில்லை, வருகிற லாரியின் வேகம் பிடிபடவில்லை, கழுத்து திரும்பவில்லை, மாத்திரை மயக்கம் இன்னும் இறங்கவில்லை. கோளாறு உடம்பிலே இருக்கும்போது பாடம் எப்படி மருந்தாகும்?

கண்தான் முதல் பாடம்

60 வயதுக்காரரின் கண்ணுக்குள்ளே போகும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதிலே ஏறக்குறைய 3-இல் 1 பங்குதான். இது நோய் அல்ல, வயதின் இயற்கை. இதன்மேல் புரையும் வந்துவிட்டால், அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். பகலில் சமாளிக்கலாம். இரவில் எதிர் வெளிச்சம் பட்டவுடனே எல்லாம் வெள்ளையாகச் சிதறும். அந்த ஒரு நொடியில் சாலையோரம் நடக்கிறவரும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

2014-இல் நம் நாட்டில் எடுத்த தேசியக் கண் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வை இழப்புக்கு முதல் காரணம் ஆபரேஷன் செய்யாமல் விட்ட புரை என்று தெரிந்தது. 100-க்கு ஏறக்குறைய 59 பேர் அதனால்தான் பார்வை இழந்தார்கள். அதற்கு அடுத்த காரணங்களில் ஒன்று இனிப்புநீரால் கண்ணின் உள்திரை கெடுவது. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது அதிகம். இது நம் வீட்டுக் கதை, தோழர்களே.

இப்போது முன்னே சொன்ன அதே அலபாமாவுக்கு வாருங்கள். அங்கே புரை உள்ள 277 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து 2002-இல் கணக்குச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களின் விகிதத்தில் பாதிதான். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு கடுமையான விபத்து 9 விழுக்காடு குறைந்திருந்தது. பாதி என்பதற்கும் 9 விழுக்காடு என்பதற்கும் தூரம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு கணக்கும் விபத்து குறைவதைத்தான் காட்டுகின்றன. வகுப்பிலே உட்கார்ந்து பாடம் கேட்டதற்கு இப்படி ஒரு கணக்கு கிடைக்கவில்லை.

புரை ஆபரேஷன் என்றால் பலர் பயப்படுகிறார்கள். “டிரெசர் ஐயா, கண்ணைத் தோண்டி வெளியே எடுத்து வைப்பாங்களாமே?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் கட்டுக்கதை. கண் மரத்துப்போக மருந்து விட்டு, மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, புது வில்லை வைப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேர வேலை. பலர் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள். டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி மோட்டாரைத் தொட வேண்டும்.

மாத்திரையும் கழுத்தும்

கண்ணுக்கு அடுத்தது மருந்து. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும். இருமல் தண்ணீர் சிலவற்றிலும் அதே குணம் உண்டு. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில, படுத்திருந்து சட்டென்று எழுந்தால் தலையைச் சுற்ற வைக்கும். இனிப்புநீருக்கு ஊசி போடுகிறவரும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவரும், காலையில் பசியாறாமல் வண்டி எடுத்தால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருளும். சாலையிலே இது வந்தால் பார்க்கிறவர்கள் “தண்ணி போட்டுட்டு ஓட்டறாரு” என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே மருந்து வாங்கும்போது, “ஐயா, நான் மோட்டார் ஓட்டறேன், இந்த மாத்திரை தூக்கம் தருமா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது எங்கள் கடமை. அதே சமயம், ஓட்ட வேண்டும் என்பதற்காக மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்தோ, சாப்பிடும் நேரத்தில் மாற்றமோ செய்ய முடியுமா என்று பார்க்கலாம்.

மூன்றாவது கழுத்து. வயதானவர்களின் விபத்துகள் முச்சந்தியிலும் நாற்சந்தியிலும் கூடுதல் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் பின்னாலும் பார்க்க வேண்டும், எதிரே வருவதையும் கணக்குப் போட வேண்டும். தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறுகிற இடம் இப்படிப்பட்ட இடம்தான். தலைக்கவசத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாதவர் கண்ணாடியை மட்டும் நம்பித் திரும்புகிறார். கண்ணாடியில் தெரியாத மூலை ஒன்று எப்போதும் உண்டு.

சாலையில் இறங்கிய வகுப்பு

இங்கேதான் வகுப்புக்கு இடம் வருகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 126 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 8 மணி நேர வகுப்பு, அதோடு பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க 2 மணி நேரம் சாலையில் ஓட்டுதல். மறு பகுதிக்கு வேறு பாடம். 8 வாரம் கழித்துச் சோதித்தபோது, சாலையில் இறங்கிப் பழகியவர்கள் மற்றவர்களைவிட நன்றாக ஓட்டினார்கள். இதன் முடிவு வந்ததும் 2007-இல்தான். இது விபத்துக் கணக்கு அல்ல, ஓட்டும் திறமைக் கணக்கு. ஆனாலும் வெறும் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது.

இதை வெட்டுக்காட்டிலே நாம் பார்க்காததா? புதுசாக வந்தவருக்குப் பால் வெட்டும் முறையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டிவிடுவாரா? மண்டோர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். மோட்டாருக்கும் அதே நியாயம்தான்.

சட்டம் போட்டால் தீருமா?

“அப்படின்னா 65 ஆனவுடனே எல்லாருக்கும் சோதனை வை, தேறாதவன் லைசென்ஸைப் பிடுங்கு” என்று சிலர் சொல்வார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், 65 வயதானால் 3 ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரிடம் தேற வேண்டும் என்ற விதி உண்டு. நம் நாட்டில் லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கும் மோட்டாருக்கும் லைசென்ஸ் புதுப்பிக்கிறபோது கண் பரிசோதனை கட்டாயமாக இருந்ததில்லை.

ஜப்பான்காரர்கள் இந்த வழியில் வெகுதூரம் போனவர்கள். 1998-இல் 75 வயதானவர்களுக்கு வகுப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2002-இல் அதை 70 வயதுக்கு இறக்கினார்கள். 2009-இல் ஞாபக சக்திச் சோதனை வந்தது, 2017-இல் அது கடுமையாக்கப்பட்டது. அதற்குப் பிறகு வயதான ஓட்டுநர்களின் விபத்து குறைந்தது. ஆனால் நடந்தும் சைக்கிளிலும் போய் அடிபட்ட முதியவர்களின் தொகை கூடியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். வண்டியைப் பிடுங்கினால் மனிதர் வெளியே போகாமல் இருந்துவிடுவாரா? வேறு வழியில் போவார், அங்கே அடிபடுவார். பஸ்ஸும் ரயிலும் நிறைந்த ஜப்பானிலேயே இப்படி என்றால், நம் தோட்டத்தில் எப்படி இருக்கும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் வந்துவிட்டால், “கண்ணு மங்குது ஐயா” என்று எவரும் எங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். மறைத்துக்கொண்டு ஓட்டுவார்கள், அல்லது லைசென்ஸே இல்லாமல் ஓட்டுவார்கள். லைசென்ஸ் எடுக்காமலேயே பல வருஷம் ஓட்டுகிற பெரியவர்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். சட்டத்தின் கை முதலில் எட்டாத இடம் அதுதான். ஆகவே பயமுறுத்தும் சோதனையைவிட, உதவி செய்யும் சோதனையே வேண்டும்.

சங்கம் கேட்க வேண்டியவை

வகுப்பு வைக்கிறோம் என்று நிர்வாகமோ, இலாகாவோ, வேறு எவருமோ முன்வந்தால், நம் கிளைத் தலைவர்கள் நன்றி சொல்லிவிட்டு, கூடவே நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது, வகுப்புக்கு முன்னால் கண் பரிசோதனை. 50 வயது தாண்டிய எல்லாருக்கும் தோட்டத்திலேயே வந்து பார்க்க வேண்டும். புரை உள்ளவரைப் பெயர் எழுதி அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். போய்வர வண்டியும், அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவும் வேண்டும்.

இரண்டாவது, வகுப்பின் பாதி நேரமாவது மோட்டாரின் மேலே நடக்க வேண்டும். அவரவர் மோட்டாரில், அவரவர் தினமும் போகும் சாலையில், முக்கியமாகப் பெரிய சாலைக்கு ஏறும் சந்தியில். மொழியும் முக்கியம். புரியாத மொழியில் படம் போட்டுக் காட்டி அனுப்புவது வகுப்பு ஆகாது.

மூன்றாவது, அந்தச் சந்தியிலே நல்ல விளக்கு, புல் வெட்டிய ஓரம், தெளிவான கோடு. ஓட்டுநரை மட்டும் திருத்தி, சாலையை அப்படியே விடுவது நியாயமல்ல. 1992-இல் மோட்டார் சைக்கிள்காரர்கள் பகலிலும் முன்விளக்குப் போட வேண்டும் என்று நம் நாட்டில் விதி வந்தது. மோட்டாரைக் கவனிக்காமல் மோதும் வகை விபத்து அதனால் நன்றாகக் குறைந்தது என்று நம் நாட்டு ஆய்வாளர்களே கண்டார்கள். யாரையும் வகுப்பில் உட்கார வைக்காமல் கிடைத்த பலன் அது.

நான்காவது, ஓட்டுவதை நிறுத்த வேண்டியவருக்கு மாற்று வழி. வாரத்தில் இரண்டு நாள் பட்டணத்துக்கும் கிளினிக்குக்கும் ஒரு வேன் போதும். வேன் இல்லாமல் “ஓட்டாதீங்க” என்று சொல்வது, சோறு போடாமல் “கடன் வாங்காதே” என்று சொல்வது மாதிரி.

சொக்சோ பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துக்கு, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சொக்சோ பாதுகாப்பு உண்டு. 60 தாண்டியும் வேலை செய்கிறவருக்கு வேலைக் காயத் திட்டத்தின் கீழ் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. அதற்கான சந்தாவை முதலாளி கட்ட வேண்டும். கட்டப்படுகிறதா என்று கிளை மூலம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

சங்கம் கேட்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இங்கிலாந்திலே 20 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியாதவர் வண்டி ஓட்டக் கூடாது. பகல் வெளிச்சத்தில் ஒரு காரிலிருந்து எட்டு வைத்து 25 அடி எடுத்து நடந்து, திரும்பி நின்று படித்துப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடியும் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு வாருங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் நன்றாகத் தெரிந்தாலும் வருஷம் ஒருமுறை கண்ணின் உள்ளே சோதித்துக்கொள்ள வேண்டும். உள்திரை கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது.

காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை மெதுவாக இடமும் வலமும் பத்துப் பத்து முறை திருப்புங்கள். வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். இரவுப் பயணத்தைப் பகலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பசியாறாமல் வண்டி எடுக்காதீர்கள். பின்னால் உட்காரும் பேரப்பிள்ளைக்கும் தலைக்கவசம் போடுங்கள்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். “அப்பா, இனிமே ஓட்டாதீங்க” என்று போனில் அதட்டுவதோடு நிற்காதீர்கள். ஒருநாள் லீவு போட்டு வந்து, அப்பாவையும் அம்மாவையும் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளிதான். வெளிச்சம் போன கண்ணை எத்தனை வெள்ளி கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. ஆனால் புரை மறைத்த கண்ணுக்கு வெளிச்சம் திரும்பக் கிடைக்கும். அது கிடைத்த பிறகு வகுப்பு வையுங்கள், நம் பெரியவர்கள் முன் வரிசையில் வந்து உட்காருவார்கள்.

— ஆஸ்பத்திரி அசிஸ்டண்ட், ஜொகூர்